மூன்றரை வயசு, போன் ஓடினால்தான் ஒரு வாய் இறங்குது: எதிலிருந்து குறைப்பது?

கேட்டவர்: தல்லாகுளம் அம்மா

மகனுக்கு மூன்றரை வயசு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பகல்ல மாமனார், மாமியார் பார்த்துக்கிறாங்க. மூணு வேளைச் சாப்பாட்டுக்கும் மாமனார் போன்ல யூடியூப். சாயங்காலம் டிவியில கார்ட்டூன், அப்புறம் பெரியவங்க சீரியல். எல்லாம் சேர்த்தா தினமும் நாலு மணி நேரம் ஆகுது. வாங்கி வச்சா தரையில விழுந்து அழறான். ஒரேயடியா நிறுத்தணுமா, கொஞ்சம் கொஞ்சமாவா? போன்லயே பூட்டு போட முடியுமா? ஆண்ட்ராய்டு போன், கூகுள் டிவி.

பதில்: குழந்தை உணவு ஆலோசகர்

இந்த வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2 முதல் 5 வயதுக்கு அதையே சொல்கிறது. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களோடு வீடியோ காலில் பேசுவதை இதில் சேர்க்க வேண்டாம்.

எல்லா நேரத்திலும் பத்துப் பத்து நிமிஷமாகக் குறைத்தால் நாள் முழுக்கச் சண்டைதான் மிஞ்சும். சாப்பாட்டு நேரப் போனை முழுதாக எடுங்கள், மாலைக் கார்ட்டூனை இப்போதைக்கு விட்டு வையுங்கள். போன் பார்த்துச் சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. வாய் தானாகத் திறக்கும், சோறு கன்னத்திலேயே அடங்கிக் கிடக்கும், ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஓடும்.

பசி இருந்தால்தான் இது நடக்கும். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து பால், பிஸ்கட், ஜூஸ் எதுவும் வேண்டாம்; தண்ணீர் போதும். பால் நாளுக்கு 400, 500 மில்லியைத் தாண்டினால் சோறு இறங்காது. பெரியவர்களோடு தரையில் உட்கார வைத்து, அரை இட்லி அல்லது இரண்டு மூன்று ஸ்பூன் பருப்புச் சோறு மட்டும் தட்டில் வையுங்கள். அவனே கையால் எடுத்துச் சாப்பிடட்டும், சிந்தட்டும். இருபது, முப்பது நிமிஷம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள், திட்ட வேண்டாம். முதல் சில நாள் அளவு குறையும். நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எடை ஏற்கெனவே குறைவு என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

பதில்: செட்டிங்ஸ் உதவி

பூட்டு விஷயம். ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப், பிள்ளை பெயரில் தனி கூகுள் கணக்கு போட்ட கருவியில்தான் வேலை செய்யும். தாத்தாவின் போனில் அவர் கணக்கு இருப்பதால் அது இங்கே உதவாது.

பதிலாக யூடியூப் கிட்ஸ் போடுங்கள். கீழே மூலையில் இருக்கும் பூட்டுப் படத்தைத் தட்டி, அது கேட்கும் கணக்குக் கேள்விக்கு விடை கொடுத்து, டைமரில் 30 நிமிஷம் வையுங்கள். அமைப்புகளில் தேடலையும் ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். முடிந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டும் தெரியும் முறையை வையுங்கள்.

டைமர் மட்டும் வைத்தால் பிள்ளை வெளியே வந்து சாதா யூடியூபைத் திறந்துவிடும். அதனால் போன் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் ஆப் பின்னிங்கை (ஒரே ஆப்பைத் திரையில் நிறுத்தி வைக்கும் வசதி) இயக்கி, வெளியேற பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பூட்டு. டிவியில் கிட்ஸ் புரொஃபைல் உருவாக்கி, தினசரி நேரமும் படுக்கை நேரமும் குறித்து, புரொஃபைலுக்கும் ஒரு பின் நம்பர் போடுங்கள். பின் நம்பரைப் பிள்ளை முன்னால் அழுத்தாதீர்கள், மூன்று வயதில் விரல் போகும் இடம் நன்றாக மனசில் நிற்கும்.

கேட்டவர்: தல்லாகுளம் அம்மா

ரொம்ப நன்றிங்க. அழுகை தாங்காம மாமியார் போனைக் கொடுத்துடுவாங்க, அதுதான் பயம். சீரியலையும் நிறுத்தச் சொல்ல முடியாது.

பதில்: பேச்சுப் பயிற்சியாளர்

அத்தையிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வையுங்கள்: நிறுத்திய முதல் நாட்களில் அழுகை முன்பைவிடக் கூடும், பிறகுதான் இறங்கும். இருபது நிமிஷம் அழுத பிறகு போன் கைக்கு வந்தால், இருபது நிமிஷம் அழுதால் கிடைக்கும் என்றே பிள்ளை கற்றுக்கொள்ளும். கொடுக்கவே கூடாது என்று அவர்களைக் கட்டுப்படுத்துவதைவிட, மாலை ஐந்து மணிக்குக் கொடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விடுங்கள். நேரம் தெரிந்தால் மறுப்பது சுலபம்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது இந்த வயதில் புரியாது. "இந்தக் கதை முடிஞ்சதும் நீயே ஆஃப் பண்ணு" என்று சொல்லுங்கள். நடுவில் பிடுங்குவதால்தான் பாதி அழுகை. அணைத்ததும் கையில் கொடுக்க ஏதாவது தயாராக இருக்கட்டும்: ஒரு கப் மைதா, கால் கப் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்து கொடுத்தால் வெகு நேரம் விளையாடுவான். உப்பு அதிகம், தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீரியல் நேரத்தில் பிள்ளை சும்மா பக்கத்தில் விளையாடினாலும் கணக்கு உண்டு. டிவி சத்தம் ஓடும்போது வீட்டார் பிள்ளையோடு பேசுவது குறைந்துவிடும், பேச்சு வளர்வதே அந்தப் பேச்சில்தான். பகல் மறுஒளிபரப்பைப் பிள்ளை தூங்கும்போது பார்க்கலாம், அல்லது அறைக்குள் போனில் இயர்போன் போட்டுப் பார்க்கலாம். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன் கூடத்து டிவி அணைந்திருக்கட்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, மூன்று வயது தாண்டியும் இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசாதது, இவை இருந்தால் போனைக் குறைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.