குஞ்சுங்க கூட்டுல இருக்கறப்பவே தாய் விராலடிப்பான் கிளம்பிடுதே, ஏன்?

கேள்வி:
சாட்டிலைட் டேக் போட்ட விராலடிப்பான் (மீன் பிடிச்சுத் தின்ற ஆஸ்ப்ரே) ஜோடியோட மேப் பாத்தேன். குஞ்சுங்க இப்பத்தான் பறக்கவே ஆரம்பிச்சிருக்கு, அதுக்குள்ள பெட்டை தெற்கே கிளம்பிடுச்சு, ஆண் ரொம்பப் பின்னாடிதான் போகுது. பருந்து, ராஜாளி எல்லாத்துலயும் இப்படித்தானா? ஜோடியா வலசை போகவே போகாதா?

பதில்:
விராலடிப்பான்ல அது வழக்கம்தாங்க. பெரும்பாலும் அடைகாக்கறதும் மீனைக் கிழிச்சு ஊட்டறதும் பெட்டை, மீன் பிடிச்சுக் கொண்டாந்து போடறது ஆண். குஞ்சு பறந்துட்டா ஊட்டற வேலை முடிஞ்சுது, ஆனா அதுவா மீன் பிடிக்கப் பழகற வரைக்கும் சாப்பாடு வேணும்ல, அதை அப்பா பாத்துக்கும். பெட்டை குஞ்சைக் கைவிட்டுட்டுப் போகுதுன்னு மட்டும் நினைக்காதீங்க. ஜோடி தனித்தனியா போயி, குளிர்காலத்தை வேற வேற இடத்துல கழிச்சிட்டு, வசந்தத்துல அதே கூட்டுக்கு வந்து சேரும். குஞ்சும் தனியாத்தான் போகும், வழி காட்ட யாரும் கூடப் போறதில்ல.

பதில்:
திரும்பி வர்றப்ப நிறைய இனத்துல ஆண் முந்திக்கும், இடம் பிடிக்கணும்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் தூரம்தான், அதாவது குளிர்காலத்துக்கு ஆண், பெட்டைல யாரு பக்கத்துல வடக்கேயே தங்கும், யாரு ரொம்ப தெற்கே போகும்ங்கறது. பெரிய உடம்பு குளிர் தாங்கும், பலசாலி நல்ல இடத்தை வச்சுக்கும், சீக்கிரம் திரும்பணும்னா பக்கத்துலயே தங்கணும், இப்படி மூணு விளக்கம் சொல்றாங்க. பல பறவைகள்ல ஆண்தான் பெருசு, அதனால மூணும் ஒரே பக்கம் காட்டும், எது சரின்னு பிரிச்சுப் பாக்க முடியாது. ராப்டர்ல, அதாவது பருந்து, ராஜாளி, ஆந்தை மாதிரி வேட்டைப் பறவைகள்ல, பொதுவா பெட்டைதான் பெருசு, யூரேசியன் ஸ்பாரோஹாக்ங்கற சின்ன வேட்டைப் பறவைல ஆண் சுமார் 150 கிராம், பெட்டை கிட்டத்தட்ட 300. அதனால இங்க விளக்கம் பிரிஞ்சிடும்: உடம்பும் பலமும்தான் காரணம்னா பெட்டை பக்கத்துல தங்கணும், சீக்கிரம் திரும்பறதுதான் காரணம்னா ஆண் தங்கணும். ஆனா ஒரே பதிலும் வரல! அமெரிக்கன் கெஸ்ட்ரல்ங்கற சின்ன ராஜாளியில பெட்டை பெருசா இருந்தும் பொதுவா ஆணை விட தெற்கே போகுது, போன இடத்துல திறந்த புல்வெளியைப் பிடிச்சுக்குது, ஆண் மரம் அதிகமான பக்கம் ஒதுங்குது. பனி ஆந்தையில வளர்ந்த பெட்டைங்க வடக்கேயே இருக்கும், இளம் ஆணுங்கதான் ரொம்ப தெற்கே இறங்கும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி! அப்ப பூனைப்பருந்துல (ஹாரியர்) பழுப்பா வர்றதை எல்லாம் பெட்டைன்னு எண்ணிக்கலாமா?

பதில்:
வேண்டாங்க. பல பூனைப்பருந்து இனத்துல வளர்ந்த ஆண் சாம்பல், பெட்டை பழுப்பு, சரி, ஆனா முதல் வருஷத்து ஆணும் பழுப்பாத்தான் இருக்கும். கைல பிடிச்சு கால்ல வளையம் போடறவங்க கண்ணைப் பாத்து சொல்லிடுவாங்க, இளம் ஆணுக்கு கருவிழி வெளிறின சாம்பலா இருக்கும், இளம் பெட்டைக்கு சாக்லேட் பழுப்பு. தூரத்துல பறக்கறதை ‘பழுப்பு’ன்னு மட்டும் எழுதி வைங்க, பெட்டைன்னு எழுதாதீங்க.