சுவரில் மாட்டியதும் தடுமாறிய விளக்குப் பட்டை: உங்கள் அனுபவம் என்ன?

ஐந்து மீட்டர் டபிள்யூ.எஸ்.2812பி பட்டை (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் நிரலால் தனித்தனியே மாற்றக்கூடிய எல்.இ.டி. பட்டை), 300 விளக்குகள். மேசையில் வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக எரிந்தது. சுவரில் பொருத்திய அன்றே தொல்லை தொடங்கிவிட்டது. எந்த விளக்கு எப்போது பச்சையாகப் பளிச்சிடும் என்றே சொல்ல முடியவில்லை. மூன்று இரவுகள் நிரலைக் குடைந்துகொண்டிருந்தேன். நான்காம் நாள் பட்டையின் முனையைத் தற்செயலாக விரலால் அழுத்தினேன், கோளாறு நின்றது. விரலை எடுத்ததும் திரும்ப வந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கிரவுண்ட் ஒயர் (மின்னழுத்தத்தை அளக்கப் பூஜ்ஜியமாகக் கொள்ளும் ஒயர்) சேரும் இடத்தில் பற்றவைத்த ஈயம் பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்திருந்தது. ஒயரைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளையக் கீறல். ஈயம் மேலே குந்தியிருந்ததே தவிர, செம்பில் பிடிக்கவே இல்லை. விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டேட்டா ஒயரில் வினாடிக்கு 8 லட்சம் பிட்டுகள் ஓடுகின்றன. அவை அத்தனையும் கிரவுண்டை வைத்தே அளக்கப்படுகின்றன. அது ஆடினால் எல்லாம் ஆடும்.

தவறு என் கையில்தான். சால்டரிங் அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்து வந்து அப்பியிருந்தேன். செம்புத் திட்டையும் ஒயரையும் சேர்த்துச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே ஈயம் உருக வேண்டும். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள்.

—

எனக்கு நேர்ந்தது வேறு. வெள்ளை ஒளி கேட்டால் தொடக்கத்தில் வெள்ளை, கடைசி மீட்டரில் செங்கல் நிறம். மல்டிமீட்டர் ஒரு முனையில் 5 வோல்ட் காட்டியது, மறுமுனையில் 3.4. நீலத்துக்கும் பச்சைக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் தேவை; சிவப்புக்கு 2 போதும். அதனால் சிவப்பு மட்டும் மிஞ்சியது. விளக்குக்கு 60 மில்லியாம்பியர் என்றால் 300 விளக்குகளுக்கு 18 ஆம்பியர். பட்டையின் மெல்லிய செம்பு அதைக் கடைசி வரை கொண்டுபோகாது. மறுமுனைக்கும் தடித்த ஒயர் இழுத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபியூஸ் போட்டேன்.

—

இவை இரண்டையும் சரிசெய்த பிறகும் என்னிடம் முதல் விளக்கு துடித்தது. பட்டையை இயக்கும் குட்டிக் கணினிச் சில்லான இ.எஸ்.பி.32 தருவது 3.3 வோல்ட் சமிக்ஞை. 5 வோல்ட்டில் ஓடும் பட்டையோ 3.5 வோல்ட்டாவது கேட்கிறது. குட்டை ஒயரில் எப்படியோ ஓடிவிடும், அதை நம்பக் கூடாது. நடுவில் சமிக்ஞையை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏஎச்சிடி125 சில்லு வைத்ததும் துடிப்பு நின்றது.

முதலில் எழுதிய நண்பரே, பழைய ஈயத்தின் மேலேயே புதியதை வைத்தீர்களா?

—

இல்லை நண்பரே. பழையதை முழுதாக உறிஞ்சி எடுத்தேன். திட்டில் ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் தடவி, 350 டிகிரியில் இரண்டு வினாடி சூடுகாட்டி ஈயத்தைத் தொட்டேன். இம்முறை உருண்டையாகத் திரளவில்லை. ஒயரின் இழைகளுக்குள் ஊறி, திட்டின் ஓரம் வரை சரிவாகப் படிந்தது. ஒயரையும் சற்றுத் தள்ளிப் பசையால் ஒட்டிவிட்டேன், இழுவை அந்த இணைப்பின் மேல் விழாதபடி.