புதுப்பிப்பு: மஞ்சளித்த டாகுமார் தெளிந்துவிட்டது

சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 என்ற பழைய கேமரா லென்ஸ் பழுப்பேறிக் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கண்ணாடி தெளிந்துவிட்டது!

மஞ்சள் ஏறியதற்கு நீங்கள் சொன்னதுதான் காரணம். இந்த லென்ஸின் ஏழு கண்ணாடி வடிவத்தில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கண்ணாடி உண்டு. அதன் கதிர்வீச்சே நாளடைவில் கண்ணாடியை மஞ்சளாக்குகிறது. புற ஊதா எல்.இ.டி. விளக்கின் கீழே, அலுமினியத் தாளின் மேல் வைத்தேன். வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் நிறம் மெல்ல மெல்ல வெளுப்பது தெரிந்தது. வெயிலிலும் வெளுக்கும், ஆனால் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகிவிடும் என்று ஒருவர் எச்சரித்தது பெரிய உதவி.

இந்த லென்ஸின் எம்42 திருகு மவுண்டை (கேமராவில் பொருத்தும் பகுதி) வேறு கேமராக்களில் மாட்டலாமா என்று கேட்டவருக்கு: அதன் ஃபிளாஞ்ச் தூரம், அதாவது மவுண்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரையிலான தூரம், 45.46 மி.மீ. நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5. அதனால் அதில் வெறும் அடாப்டர் போட்டால் லென்ஸ் தள்ளிப் போய்த் தொலைதூரம் ஃபோகஸ் ஆகாது. சோனி இ மவுண்டுக்கு 18 தான், தாராளமாகப் பொருந்தும்.

இதெல்லாம் லென்ஸோடு வரும் கையேட்டில் கிடைக்காது. பழைய லென்ஸ் பித்துப் பிடித்த சிலர் கழற்றிப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லி வைத்ததால்தான் எனக்குக் கிடைத்தது. அடுத்து ஹீலிகாய்டு (ஃபோகஸ் செய்ய லென்ஸை முன்பின் நகர்த்தும் மரை) இறுக்கம். கழற்றியவர்கள் படத்தோடு எழுதுங்கள்.