உளுந்து 'ஊற வைக்கவும்': சோக்கா, ஸ்டீப்பா, இம்மெர்ஸா?

மாவுக்கடை, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்: மாவு பாக்கெட்டோடு கொடுக்க ஆங்கிலத்தில் சமையல் அட்டை அடிக்கிறோம். அகராதியில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கு. உளுந்துக்கு 'ஸ்டீப்', பஜ்ஜி வாழைக்காய்க்கு 'இம்மெர்ஸ்', மாவை மூட 'வெட் கிளாத்', தயிர் வடைக்கு 'சாகி வடை' என்று போட்டிருக்கோம். சரியா?

செந்தூல் அக்கா: நாலையும் மாத்துங்க தம்பி.

உளுந்துக்கு சோக். தண்ணீர் பொருளுக்குள் போகணும்னா சோக். பொருளின் சாரம் தண்ணீரில் இறங்கணும்னா ஸ்டீப். கொதிநீரில் தேயிலை 3 முதல் 5 நிமிடம், வெதுவெதுப்பான பாலில் குங்குமப்பூ, இவைதான் ஸ்டீப். இந்தக் கணக்கில் புளிக்கும் ஸ்டீப் வரணும், ஆனால் சோக் என்றே எழுதுவார்கள். புளி முதலில் இளகணும், கரைப்பது அப்புறம் கையால்.

'ஓவர்நைட்' என்று மட்டும் போட்டுவிடாதீங்க. கோலாலம்பூர் சூட்டில் இரவு முழுக்க வெளியே கிடந்த உளுந்து நுரைத்து வாடை அடிக்கும். 'சோக் ஃபார் 4 அவர்ஸ், ஆர் ஓவர்நைட் இன் தி ஃபிரிட்ஜ்' என்று போடுங்க.

வாழைக்காய்க்கு டிப். முக்கி உடனே எடுப்பது அந்தச் சொல்லிலேயே இருக்கு. இம்மெர்ஸ் முழுசாக அமிழ்த்துவதோடு நிற்கும், எடுப்பதைச் சொல்லாது.

கிள்ளான் சாலை அண்ணன்: துணிக்கு 'டாம்ப்', அதாவது நனைத்துப் பிழிந்த துணி. 'வெட்' என்று படிப்பவர் சொட்டச் சொட்டப் போடுவார், மாவு நீர்த்துப்போகும். கேக் மட்டும் 'மாய்ஸ்ட்'. 'டாம்ப் கேக்' என்றால் யாரும் வாங்க மாட்டார்கள்!

'சாகி' திட்டுகிற சொல்: ஊறிக் குழைந்து வீணானது. 'வடை சோக்ட் இன் யோகர்ட்' போதும்.

சந்தேகம் வந்தால் மலாயில் சொல்லிப் பாருங்க. 'ரெண்டம்' என்று வந்தால் சோக், 'செலுப்' என்று வந்தால் டிப். ஸ்டீப்புக்கு இந்த வழி உதவாது, தேயிலைக்கும் ரெண்டம்தான்.

மாவுக்கடை: நன்றிக்கா, நன்றிண்ணே. இன்னும் ரெண்டு: உப்புநீரில் போட்ட எலுமிச்சை மேலே மிதந்தால் பூஞ்சை பிடிக்கும், அதை எப்படி எழுதுவது? கோழியில் மசாலா தடவி வைப்பது?

செந்தூல் அக்கா: எலுமிச்சைக்கு 'கீப் தி பீசஸ் சப்மெர்ஜ்ட்'. நீர்மட்டத்துக்குக் கீழேயே கிடக்கணும் என்பதற்கு அதுதான் சொல். மேலே சின்னத் தட்டு வைத்து அழுத்தச் சொல்லி ஒரு வரி சேருங்க, இல்லாவிட்டால் எப்படி என்று கேட்பார்கள். கோழிக்கு 'மாரினேட்', ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி.