இடுப்பைச் சுழற்றும் முன் அதற்கு இடம் வேண்டும்

பயிற்றுநர்:

வலக்கை கோல்ஃப் ஆட்டக்காரரை மனதில் வைத்து எழுதுகிறேன். இடக்கையர் திசையை மாற்றிக்கொள்ளவும்.

ரேஞ்சுக்கு (பயிற்சி மைதானத்துக்கு) வருகிறவர்களில் பலர் "இடுப்பை இன்னும் வேகமாகத் திருப்பணுமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லும் முன் வீடியோ எடுத்துப் பாருங்கள். கேமரா இலக்குக் கோட்டின் (பந்திலிருந்து இலக்குக்குப் போகும் கோட்டின்) பின்னால், கை உயரத்தில் இருக்கட்டும். பந்தின் முன் நிற்கும்போது பிட்டத்தைத் தொட்டபடி திரையில் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். பேக்ஸ்விங்கில் (கிளப்பை, அதாவது மட்டையை, மேலே கொண்டுபோகும்போது) வலது பிட்டமும், பந்தை அடிக்கும் நொடியில் இடது பிட்டமும் அந்தக் கோட்டிலேயே இருக்க வேண்டும். கோட்டுக்கும் பிட்டத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் இடுப்பு பந்தை நோக்கி முன்னே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கைகள் வர வழி கிடையாது. உடம்பு நிமிரும், கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் கிளப்பைப் புரட்டும். ஒரு பந்து வலப்பக்கம் நேராகப் போகும், அடுத்தது ஹூக் ஆகும் (இடப்பக்கம் வளையும்), அயர்ன் வகைக் கிளப்பில் ஷாங்க்கும் (பந்து கிளப் முகத்தில் படாமல் தண்டு சேரும் இடத்தில் படுவது) வரும். இவருக்குப் போய் "வேகமாகத் திருப்பு" என்றால் தவறுதான் வேகமாகும்.

பாதிப் பேருக்குக் கோளாறு நிற்கிற நிலையிலேயே இருக்கிறது. முதுகை வளைத்துக் குனிகிறார்கள், முழங்காலை நாற்காலியில் உட்காரப் போவதுபோல மடக்குகிறார்கள். சரியாக நிற்க: நேராக நின்று, கிளப்பைப் படுக்கையாகப் பிடித்துத் தொடை மடிப்பில் வையுங்கள். அந்த மடிப்பை உள்ளே தள்ள, பிட்டம் பின்னால் போகும், முதுகு நீண்டபடியே சாயும். கடைசியில்தான் முழங்கால், அதுவும் பூட்டுத் திறக்கிற அளவுக்கு மட்டும். எடை ஷூ கயிற்றுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். குதிகாலில் எடை வைத்து ஆரம்பிப்பவர் டவுன்ஸ்விங்கில் (கிளப் கீழே இறங்கும்போது) விரல் நுனிக்குத் தாவுவார். கைகள் தோளிலிருந்து தளர்ந்து தொங்கட்டும். அயர்னில் கிரிப்பின் (கைப்பிடியின்) முனைக்கும் தொடைக்கும் நடுவே ஒரு முஷ்டி இடைவெளி போதும்.

பிசியோதெரபிஸ்ட்:

நிலை சரியாக இருந்தும் சிலருக்கு இடுப்பு முன்னே வரும். அவர்களுக்கு இடது இடுப்பு மூட்டைச் சோதிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை 90 டிகிரியில் வைத்து, தொடை அசையாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் நகர்த்துங்கள். 30 டிகிரிக்கு மேல் தாராளமாகப் போனால் நல்லது. அதில் பாதியிலேயே தடைபட்டு நின்றால், அந்த மூட்டு டவுன்ஸ்விங் சுழற்சியைத் தாங்கிக்கொள்ளாது. பாரம் கீழ்முதுகுக்குப் போகும். அதுவோ சுழலுவதற்கு அமைந்த பகுதியே அல்ல. ஐந்து எலும்புகளும் சேர்ந்தாலும் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து டிகிரிதான் திரும்பும். முதுகுவலிக்கு இது ஒரு முக்கியமான வழி.

இப்படிப்பட்டவர்கள் இடது பாதத்தை 20 முதல் 30 டிகிரி இலக்கை நோக்கித் திருப்பி வைத்தால் மூட்டுக்கு உடனே இடம் கிடைக்கும். பேக்ஸ்விங் குட்டையாக இருப்பவர் வலது பாதத்தையும் கொஞ்சம் வெளியே திருப்பலாம். மேலே போகும்போது வலது முழங்காலை அதே மடிப்பில் உறைய வைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது சற்று நிமிர்ந்தால்தான் வலது இடுப்பு பின்னே போகும். தோள் 90 டிகிரி திரும்பும்போது இடுப்பு 45 வரை திரும்புவது இயல்பு. அமெரிக்க கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் இடது குதிகாலையே தூக்கி ஆடியவர். விறைப்பான உடம்புக்காரர்கள் தயங்காமல் அதைப் பின்பற்றலாம்.

சிங்கிள் ஹேண்டிகேப் (ஒற்றை இலக்க ஹேண்டிகேப் உள்ள, தேர்ந்த) ஆட்டக்காரர்:

மேலே சொன்னதெல்லாம் சரி, எது முன், எது பின் என்ற வரிசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்லைஸ் (வலப்பக்கம் வளைந்துபோகும் பந்து) அடிப்பவர்கள் பலர் இடுப்பைத் திருப்பாதவர்கள் அல்ல. எடை இடது காலுக்கு வரும் முன்பே திருப்பிவிடுகிறவர்கள். வலது காலில் நின்றபடி சுழன்றால் வலது தோள் வெளியே பாயும், கிளப் பந்தைக் குறுக்கே வெட்டும். கிளப் மேலே போய் முடியும் முன்னரே அழுத்தம் இடது பாதத்துக்கு வரத் தொடங்க வேண்டும், அதன்பின் சுழற்சி. பழைய அமெரிக்க வீரர் சாம் ஸ்னீட் கிளப்பை இறக்கும்போது லேசாக உட்கார்வதுபோலத் தெரியுமே, அந்த இடைநிலை இதுதான்.

அளவு மிஞ்சினாலும் கெடும். இடது இடுப்புக்கு வெளியே நான்கு விரல் தள்ளி ஒரு அலைன்மென்ட் ஸ்டிக்கை (மெல்லிய நீளமான பயிற்சிக் குச்சியை) தரையில் குத்துங்கள். இடுப்பு அதை மெல்லத் தொட்டுவிட்டு இடது குதிகாலை நோக்கிப் பின்வாங்க வேண்டும். ஸ்டிக் சாய்ந்தால் நீங்கள் சுழலவில்லை, சறுக்குகிறீர்கள்.

புதியவர்:

டிரைவருக்கும் (நீண்ட தூரம் அடிக்கும் கிளப்புக்கும்) இதேதானா? சுவரில் பிட்டத்தை வைத்துப் பயிற்சி செய்யலாமா?

பயிற்றுநர்:

சுவர்ப் பயிற்சி செய்யலாம், ஆனால் கிளப் இல்லாமல். கைகளை மார்பில் கட்டி, வலது பிட்டம் சுவரில் உரசியபடி திரும்பி, பிறகு இடது பிட்டத்துக்கு மாற்றுங்கள். மாறும் நேரத்தில் இரண்டுமே ஒரு கணம் சுவரைத் தொட வேண்டும். அங்கேதான் எல்லாரும் சுவரை விட்டு விலகுவார்கள், மெதுவாகச் செய்தால் பிடிபடும். பந்தோடு செய்ய, பிட்டத்தைத் தொடும்படி உயரமான ஸ்டூல் ஒன்றை வைத்து, 9 அயர்னில் இடுப்பு உயரம் வரை மட்டும் அடியுங்கள். பந்து கிளப் முகத்தின் நடுவில் தொடர்ந்து பட்ட பிறகு வீச்சின் நீளத்தைக் கூட்டலாம். வேகம் கடைசியில்.

டிரைவரில் இடுப்பின் வேலை மாறாது, தொடக்கம் மாறும். பந்து இடது குதிகாலுக்கு நேர், கால்கள் தோளைவிட அகலம், மேலுடம்பு இலக்கிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் சாய்வு. இடுப்பு இடது பக்கம் நகரும்போது தலை பந்துக்குப் பின்னாலேயே இருக்கட்டும். தலையும் கூடவே போனால் கிளப் மேலிருந்து கீழே இறங்கி அடிக்கும், பந்து தாழ்வாகக் கிளம்பி தூரத்தை இழக்கும்.