புதுப்பிப்பு: ஆலோசனை வகுப்பில் குறும்படங்கள்

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் இணைய ஆபத்துகளைப் பற்றிப் பேச, அறிவுரைக்குப் பதிலாகக் குறும்படங்களைத் திரையிடப் போவதாக முன்பு எழுதியிருந்தேன். அது எப்படி நடக்கிறது என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு.

படத்தை நாங்கள் முழுதாக ஓடவிடுவதில்லை. முகமறியாத ஒருவர் கேட்ட புகைப்படத்தை அனுப்பலாமா என்று கதையின் சிறுமி தயங்கும் இடத்தில் நிறுத்தி, “இவள் இப்போது யாரிடம் சொல்ல முடியும்?” என்று கேட்கிறோம். தங்களைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள், கதாபாத்திரத்தை முன்வைத்துத் தயக்கமின்றிப் பேசுகிறார்கள். வீட்டில் தெரிந்தால் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சமே, புகைப்படத்தை வைத்து மிரட்டுபவனுக்குப் பெருந்துணை என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஆகவே பெற்றோருக்கும் அதே படத்தைத் திரையிடத் தொடங்கியிருக்கிறோம்; இதையே மிக முக்கியமான மாற்றமாகக் கருதுகிறேன்.

இதைச் செய்ய விரும்பும் ஆலோசகர்களுக்கு ஒன்று: 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பதால், எதை ரகசியமாக வைக்க இயலாது என்பதைப் படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மனம் திறந்த பிறகு சொன்னால் அது பிள்ளைக்குத் துரோகமாகவே படும்.

முடிவில் 1098 (குழந்தைகளுக்கானது), 1930 (இணையக் குற்றங்களுக்கானது) ஆகிய உதவி எண்களைப் பலகையில் எழுதுகிறோம். அந்தரங்கப் படத்தைப் பதிவேற்றாமலே, அதிலிருந்து கணினி உருவாக்கும் எண்வடிவ அடையாளத்தை (ஹாஷ்) மட்டும் அனுப்பி நீக்கக் கோரும் ‘டேக் இட் டவுன்’ சேவையையும் விளக்குகிறோம். பணம் கேட்டு மிரட்டப்படும் பையன்களின் கதையை அடுத்து எடுத்துக்கொள்ள இருக்கிறோம்.