மறு: மடக்குக்கத்தியின் ‘லாக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அன்றாட வேலைக்கு ஏற்ற உறுதியான மடக்குக்கத்தியைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதத் தொடங்கியிருக்கும் கோவை நண்பர், விரித்த அலகு வேலையின் நடுவே மடங்கிவிடாமல் நிறுத்தி வைக்கும் உறுப்புக்கு என்ன சொல் இடலாம் என்று கேட்டிருந்தார். இதுவரை ‘பூட்டு’, ‘பொறி’, ‘நிலைநிறுத்தி’ என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. அவற்றுள் பூட்டுக்கே ஆதரவு மிகுதி. அதை என்னால் ஏற்க இயலவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது; அதன் தழும்பு இன்றும் என் வலக்கை ஆட்காட்டி விரலில் இருக்கிறது.

எங்களுக்குக் குமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்கு அருகே சிறிது ரப்பரும் ஏத்தன் வாழையும் உண்டு. பால் வெட்டும் கத்தியும் வெட்டுகத்தியும் மடங்காதவை. அவற்றின் வேலை வேறு. ஆனால் உரச்சாக்கின் தையலைப் பிரிக்கவும், சொட்டுநீர்க் குழாயை அளவுக்கு நறுக்கவும், வாழைச்சருகை அறுத்து விலக்கவும், கயிறு வெட்டவும் நாள் முழுவதும் சட்டைப் பையில் ஒரு சிறு கத்தி வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குப் பிச்சாத்தி என்று பெயர். அப்படி ஒன்று வாங்கப் போன இடத்தில் ‘லாக் உண்டா?’ என்று கேட்டேன். ‘உண்டு’ என்ற கடைக்காரர், மடக்கிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறி, அலகு வெளியே வரவில்லை என்பதையும் காட்டினார். நான் கேட்டது விரித்த அலகைப் பற்றி. அவர் விடை சொன்னது மடக்கிய அலகைப் பற்றி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் இரண்டு பொருளைப் பேசியிருக்கிறோம் என்பது, அடுத்த வாரம் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயின் மூடியில் துளையிட முனையை ஊன்றி அழுத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது. முனை மூடியில் இறங்கவில்லை. அலகு வந்த வழியே திரும்பி விரலில் இறங்கியது. ஐந்து தையல் போட்டார்கள்.

‘லாக்’ என்பதில் இருக்கும் அந்தக் குழப்பம் ‘பூட்டு’ என்பதிலும் குறையாமல் இருக்கிறது. கடையைப் பூட்டுகிறோம், பெட்டியைப் பூட்டுகிறோம். பூட்டுவது என்றால் நம் மனத்தில் முதலில் வருவது அடைப்பதுதான். பூட்டுள்ள கத்தி வேண்டும் என்று கேட்கும் ஒரு தாய், குழந்தை கையில் எடுத்தாலும் திறக்க இயலாத கத்தி என்றே அதற்குப் பொருள் கொள்வார். மாட்டை ஏரில் பூட்டுவது போலப் பிணைப்பதும் பூட்டுவதுதானே என்று தஞ்சை நண்பர் எடுத்துக்காட்டியது சரியே. ஆனால் அந்த வழியில் போனால் இன்னொரு பொருளையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் மாவட்டத்து வர்ம ஆசான்கள் உடலின் எலும்பு மூட்டையே பூட்டு என்பார்கள்; ‘பூட்டு விலகிவிட்டது’ என்றால் மூட்டு நழுவிவிட்டது என்று பொருள். அந்த வழக்கின்படி மடக்குக்கத்தியின் பூட்டு என்பது அலகும் பிடியும் கூடி மடங்கும் இடமாகும். மடங்கும் இடத்துக்கும், மடங்காமல் தடுக்கும் உறுப்புக்கும் ஒரே பெயர் என்றால் கையேட்டின் முதல் பக்கத்திலேயே வாசகர் இடறுவார்.

பிரான்சின் சவோய் பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டு வரும் ஒப்பினெல் கத்தியை எண்ணிப் பாருங்கள். அதன் மரப்பிடியின் கழுத்தில் உள்ள உலோக வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. வளையத்தைத் திருப்பினால் விரித்த அலகு மடங்காது. மடக்கிய அலகு திறவாதபடி செய்யும் வேலை அந்த வளையத்துக்கு 2000ஆம் ஆண்டில்தான் கூடியது. இதைத் தமிழில் விளக்கும்போது ‘1955இல் பூட்டு வந்தது, 2000இல் பூட்டு வந்தது’ என்றா எழுதுவது? இனி, நம்மவர்கள் பொதுவாகச் சுவிஸ் கத்தி என்று சொல்லும் விக்டோரிநாக்ஸ் கத்திகளில், நன்கு அறியப்பட்ட 91 மில்லிமீட்டர் வகையில் விரித்த அலகைத் தடுக்கும் உறுப்பே கிடையாது; 111 மில்லிமீட்டர் வகையில் உண்டு. கடினமான வேலைக்கு வாங்குபவர் முதலில் கேட்டறிய வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். அதைக் கேட்பதற்கு ஒரு தெளிவான சொல் நமக்கு வேண்டும்.

பொதுச்சொல்லாக நான் முன்வைப்பது ‘மடக்குத்தடை’. மடங்குவதைத் தடுப்பது என்ற பொருள் சொல்லிலேயே இருப்பதால், விரித்த நிலையா மடக்கிய நிலையா என்ற ஐயத்துக்கு இடமில்லை. ‘இந்தக் கத்திக்கு மடக்குத்தடை உண்டா?’ என்று கேட்டால், முதன்முறை கேட்கும் கடைக்காரர்கூட அலகை விரித்துப் பார்த்துத்தான் விடை சொல்வார். ‘நிலைநிறுத்தி’ பிழையான சொல் அன்று. ஆனால் எதை, எந்த நிலையில் நிறுத்துவது என்பதை அது சொல்லவில்லை.

இந்தப் பொதுச்சொல்லோடு நாம் நின்றுவிடக் கூடாது என்பதே என் முதன்மையான வேண்டுகோள். தடுக்கும் முறை கத்திக்குக் கத்தி வேறுபடுகிறது, அந்த வேறுபாடுகளுக்கு உரிய பெயர்கள் நம் வீட்டுக் கதவிலும் வாழைத் தோட்டத்திலும் ஏற்கெனவே இருக்கின்றன. பிடியின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு நீளவாக்கில் பிளந்து, உள்நோக்கிச் சற்றே வளைத்து விடப்பட்டிருக்கும் வகையை எடுத்துக்கொள்வோம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்திவினைஞர் மைக்கேல் வாக்கர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது இது. அலகு முழுவதும் விரிந்ததும் அந்தத் தகடு தானாகவே துள்ளி நகர்ந்து, தன் நுனியை அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு அலகை மடக்க முயன்றால், தகடு தன் நீளம் முழுவதாலும் எதிர்த்து நிற்கும். குலை தள்ளிய ஏத்தன் சாயாமல் இருக்கக் கம்பை ஊன்றிக் கொடுக்கிறோமே, அதே செயல்தான் இது. அதற்குத் தமிழ்நாடு முழுவதும் முட்டுக் கொடுப்பது என்றுதான் பெயர். குமரி மாவட்டத்தில் முழங்காலையும் முட்டு என்போம். மடங்கும் உறுப்பு, நிமிர்ந்து நின்றால் உடம்பின் எடையைத் தாங்குகிறது. ஆகவே இந்த வகையைத் ‘தகட்டுமுட்டு’ என்று அழைக்கலாம். கத்திவினைஞர் கிறிஸ் ரீவ் தம் செபென்சா கத்தியில் செய்தது போல, தனித்தகடு இல்லாமல் பிடியின் ஒரு பக்கமே பிளந்து முட்டாக நிற்கும் வகைக்குப் ‘பிடிமுட்டு’ என்பது பொருந்தும்.

இந்தச் சொல்லை நான் ஏட்டில் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. திருவட்டாற்றுப் பக்கம் வெட்டுகத்தியும் பாளையருவாளும் அடித்துக் கொடுக்கும் கொல்லர் ஒருவரிடம் என் புதிய கத்தியைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் அதைப் பார்க்கச் சொன்னேன். அலகை இரண்டு முறை விரித்து மடக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ‘உள்ள ஒரு தகடு முட்டுக் குடுத்து நிக்குவு’ என்றார். முட்டின் நுனி அலகடியின் அகலத்தில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதையும் நகத்தால் தொட்டுக் காட்டினார். வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடமும் அதுவே. புதிய கத்தியில் முட்டு அலகடியின் கால்பங்கு முதல் பாதி வரை ஏறி நின்றால் நல்லது. விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் நழுவக்கூடும். தேயத் தேய அது மறுபக்கம் நோக்கி நகரும் என்பதால், வாங்கும்போதே மறுகோடிவரை போயிருந்தால் அந்தக் கத்திக்கு ஆயுள் குறைவு.

இரண்டாவது வகையில், பிடியின் முதுகுப்புறம் ஓர் எஃகுத் துண்டு எழுந்து தாழும் சீசாப் பலகை போல நடுவில் ஆணியடித்து நிற்கிறது. அலகு விரிந்ததும் அதன் முன்முனையில் உள்ள நாக்கு, அலகடியில் வெட்டிய பள்ளத்துக்குள் விழுந்து பிடித்துக்கொள்ளும். பின்முனையை அழுத்தினால் நாக்கு எழும்பி அலகை விடுவிக்கும். 1964இல் வெளிவந்த பக் 110 என்ற அமெரிக்கக் கத்தி இந்த முறையைப் பலரும் அறியச் செய்தது. விழுந்து பிடிக்கும் இதற்குக் கதவுக்கொண்டியை விடப் பொருத்தமான உவமை இல்லை; ‘முதுகுக்கொண்டி’ என்று வைக்கலாம். நாக்கு விழும் பள்ளத்துக்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. நாவைத் தாங்குவது நாதாங்கி. கதவில் இருந்த அந்தச் சொல்லைக் கத்திக்கும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு நாதாங்கி என்ற பெயர் கட்டாயம் தேவைப்படும், ஏனெனில் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ரப்பர்ப் பால் பட்டு உறைந்த ஒட்டுப்பால் நாதாங்கிக்குள் படிந்துவிட்டால், கொண்டியின் நாக்கு பாதியளவே இறங்கும். பார்வைக்குக் கத்தி திடமாக நிற்பது போலத் தோன்றும், அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். வாரத்துக்கு ஒரு முறை ஈர்க்கிலைச் சீவி நாதாங்கியைக் குடைந்து துடைப்பது என் வீட்டில் வழக்கமாகிவிட்டது. தகட்டுமுட்டில் பிசின் படிந்தாலும் திறந்த இடமாகையால் கண்ணுக்குத் தெரியும், துடைப்பதும் எளிது. அதனால் தோட்ட வேலைக்கு என் தேர்வு முட்டுவகைதான்.

மற்றவற்றுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். ஒப்பினெலின் வளையம், உலக்கையின் முனையிலும் கைத்தடியின் அடியிலும் நாம் காணும் பூண்தான், சுழல்வதால் ‘சுழற்பூண்’. பிடிக்குக் குறுக்கே ஒரு சிறு கம்பி நகர்ந்து அலகடியை அடைக்கும் வகைக்குக் ‘குறுக்குத்தாழ்’. மடக்குத்தடை ஏதுமில்லாமல், முதுகில் உள்ள வில்லின் அழுத்தத்தால் மட்டுமே அலகு விரிந்து நிற்கும் கத்திகளை ‘வில்லுக்கத்தி’ என்று தனியாகப் பிரித்துக் காட்டலாம். வில்லுவண்டியில் ‘வில்’ என்பது எஃகுப் பட்டையைத்தானே குறித்தது! என் விரலை வெட்டியது ஒரு வில்லுக்கத்தி. அது தரம் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பழம் நறுக்கவும் உறை பிரிக்கவும் நல்ல கருவி. அதை ஊன்றிக் குத்தும் வேலைக்குப் பயன்படுத்தியது என் அறியாமை. அந்த அறியாமையைப் போக்கும் சொல் அன்று கடையில் எங்கள் இருவரிடமும் இல்லை.

விசையைத் தொட்டதும் அலகு பாய்ந்து வெளிவரும் பட்டன் கத்தியை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது விரியும் முறையைப் பற்றியது. இங்கே நம் பேச்சு விரிந்தபின் நிற்கும் முறையைப் பற்றியது.

கோவை நண்பர் கையேட்டின் தலைப்பில் ‘உறுதியான’ என்று எழுதியிருப்பதைப் பற்றியும் ஒரு சொல். உறுதி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பண்புகள் மறைந்திருக்கின்றன. எளிதில் கீறல் விழாமலும் வாய் மழுங்காமலும் இருப்பதை ‘வன்மை’ என்றும், வளைத்தாலும் மோதினாலும் பல் தெறிக்காமல் இருப்பதை ‘முறியாமை’ என்றும் பிரித்துச் சொன்னால் நல்லது. கண்ணாடிக்கு வன்மை உண்டு, முறியாமை இல்லை. பொதுவாக ஓர் எஃகில் ஒன்றை ஏற்றினால் மற்றொன்று இறங்கும். எந்த அளவில் நிறுத்துவது என்பதே கொல்லரின் தோய்ச்சலில் உள்ள திறமை. அன்றாட வேலைக்கான மடக்குக்கத்திகள் பெரும்பாலும் வன்மையை அளக்கும் ராக்வெல் சி அளவில் 56 முதல் 60 வரை நிற்கின்றன. கையேட்டில் ‘வன்மை 58’ என்று மட்டும் எழுதாமல் முறியாமை பற்றியும் ஒரு வரி எழுதுவது வாசகருக்கு உதவும்.

துருவும் அப்படியே. குரோமியம் குறைந்த கரி எஃகை ஏத்தன் வாழையில் வைத்து அறுத்தால், கறை பட்ட இடம் சற்று நேரத்தில் நீலங்கலந்த கருப்பாக மாறுவதை இங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள். கத்தி செய்யப் பயன்படும் டி2 என்னும் எஃகு வகையில் துருவைத் தடுக்கும் குரோமியம் ஏறத்தாழ 12 விழுக்காடு இருந்தும், அதில் பெரும்பகுதி கரியோடு கூடிக் கார்பைடாகிவிடுவதால் குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் அது துருப்பிடிக்கும். அதைத் ‘துருவேறா எஃகு’ என்று எழுதுவது பிழை. ‘துருத்தாங்கு எஃகு’ என்பது நேர்மையான பெயர்.

இன்னும் ஓர் உறுப்புக்கு எனக்குச் சொல் அமையவில்லை. தகட்டுமுட்டின் உட்பக்கத்தில் கடுகளவு எஃகுக் குண்டு ஒன்று பதிந்திருக்கும். மடக்கிய நிலையில் அது அலகடியில் உள்ள சிறு குழியில் அமர்ந்து, அலகு பையிலேயே திறந்துவிடாமல் காக்கும். அன்று கடைக்காரர் உதறிக் காட்டியது இந்தப் பிடிப்பைப் போன்ற ஒன்றைத்தான். ‘குமிழ்’ என்று சொல்லலாமா என்று எண்ணினேன், ஆனால் அது கையால் திருகும் குமிழோடு குழம்பும். ‘மூடுகுண்டு’ பொருளைத் தருகிறது. ஒலிதான் எனக்கு நிறைவாக இல்லை. பொற்கொல்லர்கள் வளையலின் கொக்கியிலும் தோட்டின் திருகிலும் இதைப் போன்ற சிறு உறுப்புகளைக் கையாள்கிறார்கள். அவர்களிடம் இதற்கு வழங்கும் பெயர் தெரிந்த நண்பர்கள் இந்த இழையில் எழுதினால், கையேடு அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடலாம்.